பன்னிரண்டாவது குதிரை

"குதிரை வாங்குறதுக்கெல்லாமா துப்பறியணும்?" என்று கேட்டுவிட்டு ரேடியோ நாக்கைக் கடித்துக்கொண்டான். கேட்ட நேரம் சரியில்லை. எதிர் நாற்காலியில் இருந்த மருந்துக்கடை அம்மாவின் கண்கள் ஏற்கெனவே சிவந்திருந்தன. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனை ஒரு பார்வை பார்த்தார். இருபத்தாறு வருடம் கணக்குப் பாடம் நடத்திய பார்வை அது, கடைசி பெஞ்சு வரைக்கும் போகும். ஓய்வு பெற்ற மறுமாதமே சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை பிடித்து 'விசாரணை' என்று ஒற்றைச் சொல்லில் பலகை மாட்டியவர். ஆரம்பத்தில் சிலர் மூச்சிரைக்கப் படியேறி வந்து பஸ் நேரம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

ரேடியோ அப்போது டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தான். வாய் ஓயாததால் டாக்ஸி ஸ்டாண்டில் வைத்த பெயர் அது. ஒருநாள் டீச்சரை ஏற்றிக்கொண்டு போனவன், வழி முழுக்கப் பேசிப் பேசி, தனக்கே தெரியாமல் ஒரு திருட்டு வழக்குக்குத் துப்புக் கொடுத்துவிட்டான். மறுநாளே அவனை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். "உன் வாயில வர்றதுல பத்துல ஒண்ணு உபயோகமா இருக்கு. அது போதும்" என்பதுதான் அவனுக்குக் கிடைத்த நியமன உத்தரவு.

"சொல்லுங்கம்மா. முதல்லேர்ந்து," என்றார் டீச்சர்.

"நாலு மாசம் டீச்சர். பதினோரு குதிரை. முதல் நாள் போய்ப் பாக்குறப்ப எல்லாமே சாதுவா நிக்குது. குதிரைக்காரங்க ஏறி ஓட்டிக் காட்டுறாங்க, சொன்ன பேச்சக் கேக்குது. சரி, புடிச்சிருக்குன்னு ரெண்டாவது நாள் பொண்ணைக் கூட்டிட்டுப் போறோம். அவ ஏறி உக்காந்து அஞ்சு நிமிஷம்தான். காதைப் பின்னால மடக்குது, முதுகைத் தூக்குது, துள்ளுது. பத்து குதிரை அப்படி. ஒண்ணே ஒண்ணு மட்டும் ஒழுங்கா நடந்துச்சு."

"அப்ப அதையே வாங்கியிருக்கலாமே?" என்றான் ரேடியோ.

"அதுக்கு முன்னங்கால்ல வீக்கம். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வேணவே வேணாம்னுட்டார்."

ரேடியோவுக்கே பாவமாக இருந்தது. பெண் பார்க்கப் போய்ப் பதினோரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவனைக்கூட அவனுக்குத் தெரியும். இது அதைவிட மோசம்.

மகளுக்குப் பதினேழு வயது. போன வருடம் ஒரு பந்தயத்தில் அவளுடைய சொந்தக் குதிரையே அவளைத் தூக்கி எறிந்துவிட்டது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கம்பி வைத்துத் தைத்து, எட்டு மாதம் கழித்து எழுந்து நடந்தாள். இப்போது அந்தக் கால் அரை விரல்கடை குட்டை. மறுபடி குதிரை ஏறலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள் என்றார் அம்மா.

"இப்ப என்ன சொல்றா தெரியுமா? 'குதிரைங்க மேல தப்பில்லம்மா. அதுங்களுக்கு என்னைத்தான் புடிக்கல'ங்கிறா. கண்ணாடி முன்னால நின்னு, எங்கிட்ட என்ன இருக்குன்னு கேக்குறா. நான் என்ன பதில் சொல்றது?" அவர் வாரை முறுக்குவதை நிறுத்தினார். "இன்னிக்கு நாலு மணிக்குப் பன்னண்டாவது. அதுவும் துள்ளிட்டா இனிமே லாயம் பக்கமே வரமாட்டேன்னு சொல்லிட்டா. அவ சொன்னா சொன்னதுதான்."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"தரகர் மேலதான். நான் மருந்துக்கடை வச்சிருக்கவ. எனக்குத் தெரியாதா? முதல் நாள் ஊசி போட்டு மயக்கத்துல நிறுத்துறார். ரெண்டாம் நாள் மருந்து இறங்கிடுது, குதிரையோட நெசக் குணம் வெளிய வந்துடுது."

ரேடியோ நிமிர்ந்து உட்கார்ந்தான். தரகர்கள் என்றாலே அவனுக்கு ஆகாது. ஒரு தரகர் தலையில் கட்டிய பழைய ஸ்கூட்டரை அவன் ஓட்டியதைவிடத் தள்ளியதே அதிகம்.

மருந்துக்கடை அம்மா ஒரு நோட்டை மேசையில் வைத்தார். முதல் பக்கத்தில் ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. சாம்பல் நிறக் குதிரை மேல் ஒரு சின்னப் பெண், வாயெல்லாம் பல். குதிரைக்கு ஒரு காது நுனி பிய்ந்திருந்தது.

"இதுதான் அது. சாம்பல்னு கூப்பிடுவா. பத்து வயசுலேர்ந்து அவ கூடவே இருந்துச்சு. கடைசில அதுவே..." என்று நிறுத்தினார். "அவ ஆஸ்பத்திரில இருந்தப்பவே எங்க வீட்டுக்காரர் அதை வித்துட்டார். என் பொண்ணை ஒடைச்ச மிருகம் என் கண்ணுல படக் கூடாதுன்னார். யாருக்கு வித்தார்னு நான் கேக்கல."

அடுத்த பக்கங்களில் ஒன்று முதல் பதினொன்று வரை. நிறம், உயரம், ஊர், என்ன ஆனது என்று மருந்துச் சீட்டைப் போலில்லாமல் தெளிவாக எழுதியிருந்தார். டீச்சர் ஒவ்வொன்றாகப் படித்தார். எட்டாவதில் விரல் நின்றது.

"'நல்ல மழை. அவர் சேணத்தைத் தரலை. குதிரைக்காரர் சேணத்துல ஏறினா. அரை மணி நேரம் அமைதி. கால் வீக்கம், வேணாம்.'" டீச்சர் தலையைத் தூக்கினார். "மத்த நாள்ல எந்தச் சேணம்?"

"எங்களோடது. அவ முதல் பரிசு வாங்கினப்ப நாங்க ரெண்டு பேரும் சேந்து வாங்கிக் குடுத்தது. அவ காலுக்கு ஏத்த மாதிரி இடது பக்க வாரை இப்ப மாத்தி வச்சிருக்கோம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானே மெழுகு போட்டுத் துடைப்பேன். வேற யாரையும் தொட விடமாட்டேன். அன்னிக்கு மழைல நனைஞ்சிடும்னு எங்க வீட்டுக்காரர்தான் வண்டியப் பூட்டிட்டு சாவியத் தரமாட்டேன்னுட்டார்."

"பொண்ணு நனையலாம், சேணம் நனையக் கூடாதா?" என்றான் ரேடியோ.

அம்மா லேசாகச் சிரித்தார். அவன் அன்றைக்குச் சம்பாதித்த ஒரே சிரிப்பு அது. "அவர் முன்ன மாதிரி இல்லப்பா. சலவைக்கடை உண்டு, அவர் உண்டுன்னு கெடக்கார். ஏழாவது குதிரைக்கு அப்புறம் மைதானத்துக்குள்ளயே வர்றதில்ல. எங்கள எறக்கி விட்டுட்டு வண்டிலயே உக்காந்திருப்பார்."

டீச்சர் நோட்டை மூடி ரேடியோவிடம் கொடுத்தார். மணி பத்தரை.

*

தரகரின் கொட்டகை லாரி நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரு பக்கம் வைக்கோல் கட்டுகள், ஒரு பக்கம் நான்கு குதிரைகள், நடுவில் தொப்பி போட்ட ஒரு பெரிய மனிதர், கையில் வாளி. டீச்சர் அவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ரேடியோ ஜன்னல் ஓரம் இருந்த குப்பைத் தொட்டியில் கையை விட்டுவிட்டான். விட்ட கை வெறுமனே வரவில்லை.

"டீச்சர், மாட்டிக்கிட்டாரு," என்று ஓர் ஊசியைத் தூக்கிக் காட்டினான். "ஊசி. புதுசு. காலையில போட்டது."

தரகர் வாளியைக் கீழே வைத்தார். "ஆமா. காலையில போட்டதுதான். சாப்பாட்டுக்கு முன்னாடி. எனக்கு." சட்டையைத் தூக்கித் தொப்புளுக்குப் பக்கத்தில் இருந்த புள்ளிகளைக் காட்டினார். "பன்னண்டு வருஷமா சர்க்கரை. வேணும்னா ஒண்ணு போட்டுப் பாருங்க தம்பி. நீங்க துள்ளுறீங்களான்னு பாப்போம்."

ரேடியோ ஊசியை எடுத்த இடத்திலேயே வைத்தான். டீச்சர் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சிரிக்காமல் இருப்பதற்குச் செய்யும் வேலை அது.

தரகர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். கோபம் போய் வருத்தம் வந்திருந்தது அவர் முகத்தில். "அந்தக் குடும்பத்துக்குக் குதிரை காட்டிக் காட்டி என் கால் லாடமே தேஞ்சு போச்சும்மா. ஊரெல்லாம் நான் முரட்டுக் குதிரை விக்கிறவன்னு பேச்சு. பதினொண்ணும் நான் காட்டினதுதான். அந்தக் கால் வீங்கினதைத் தவிர மத்த பத்தையும் வேற வேற ஆளுங்க வாங்கிட்டாங்க. ஒண்ணாவது திரும்பி வந்துச்சான்னு கேளுங்க. நான் சொன்னா நம்பமாட்டீங்க. வாங்க, கண்ணால பாருங்க. சாயந்தரம் காட்டப் போற குதிரைய என் ஆளு ஓட்டிட்டுப் போயிடுவான்."

ஒருத்தன் தன் மேல் பழி வரும்போது சாட்சியைக் கூப்பிடுகிறான் என்றால் அவனைச் சந்தேகப்படுவது கஷ்டம். ரேடியோ ஸ்கூட்டரை நினைத்துக்கொண்டு தன் சந்தேகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அலைந்தார்கள். ஒரு பால் பண்ணையில் ஐந்தாவது குதிரை, அதன் முதலாளி முதுகில் ஏறி உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். ஒரு மரக்கடைக்குப் பின்னால் பத்தாவது, பூனை ஒன்று அதன் காலடியில் தூங்கியது. வெயில் ஏறியது. ரேடியோவின் சந்தேகம் இறங்கிக்கொண்டே வந்தது.

கடைசியாகக் குதிரை ஏற்றப் பள்ளி. வாசலிலேயே தரகர் கையை நீட்டினார். "அதோ, மூணாவது. உங்க நோட்டுல என்ன எழுதியிருக்கு?"

ரேடியோ புரட்டினான். "'கறுப்பு. நாலு காலும் வெள்ளை. ரெண்டு கால்ல எழுந்து நின்னுடுச்சு. பொண்ணு மயிரிழைல தப்பிச்சா.'"

அந்தக் கறுப்புக் குதிரையின் மேல் தொப்பை வைத்த ஒரு பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் கடிவாளத்தை இடது பக்கம் இழுத்துக்கொண்டு வலது பக்கம் போகச் சொன்னார். குதிரை கொஞ்சம் யோசித்துவிட்டு வலது பக்கம் போயிற்று.

"இந்த ஆளையே தாங்குதுன்னா இது குதிரை இல்ல, மகான்," என்றான் ரேடியோ.

டீச்சர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தடியில் ஒரு கிழட்டுச் சாம்பல் குதிரையைச் சுற்றி நாலைந்து பொடிசுகள். ஒன்று வாலைப் பின்னிக்கொண்டிருந்தது, ஒன்று கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியது. குதிரை ஓர் அடியை எடுத்து வைக்கும் முன் குனிந்து, கீழே குழந்தை யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தது. ஒரு காது மட்டும் குட்டையாகத் தெரிந்தது.

"அது எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார் டீச்சர்.

தரகர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அது... ஒரு வீட்டுலேர்ந்து வந்துச்சு. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேம்மா. குதிரைல பொய் சொல்லிருக்கேன், இல்லேங்கல. வாக்குல சொன்னதில்ல."

டீச்சர் வற்புறுத்தவில்லை. அந்தப் பக்கம் பள்ளியை நடத்தும் பெண் மதிய வகுப்புக்குச் சேணங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் எடுத்து, முன்பக்கத்தைத் தன் தொடையில் முட்டுக்கொடுத்து, பின்பக்கத்தை இரண்டு கையாலும் தன்னை நோக்கி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் குதிரை மேல் வைத்தார். மூடாத சூட்கேஸை மூடப் பார்க்கிறார் என்று ரேடியோ நினைத்தான். டீச்சர் நேராக அவரிடம் போனார். என்ன பேசினார்கள் என்று கேட்கப் போன ரேடியோவின் கையிலிருந்த நோட்டின் மூலையைக் கறுப்புக் குதிரை பல்லால் பிடித்துக்கொண்டது. பல் டாக்டரும் தரகரும் சேர்ந்து அதை மீட்பதற்குள் டீச்சர் திரும்பி வந்துவிட்டார். அவர் முகம் நன்றாக இல்லை.

"மணி என்ன?"

"மூணே கால்."

"வண்டிய எடு. அந்தம்மாவுக்குப் போன் போடு."

போட்டான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. "குதிரை மிரளும்னு மைதானத்துல அந்தம்மா போனை அணைச்சு வச்சிடும்," என்றார் பின் சீட்டிலிருந்து தரகர்.

*

சாலை நெடுகத் தார் போடும் வேலை. ரேடியோ சந்து சந்தாகப் புகுந்தான். பதினைந்து வருட டாக்ஸி வேறெதற்கு?

"ரேடியோ," என்றார் டீச்சர். "ஒரு தடவை ஏழாம் வகுப்புல ஒரு பையன் முக்கோணம் வரைஞ்சான். தப்பு. இன்னொண்ணு வரையச் சொன்னேன். தப்பு. பத்து வரைஞ்சான், பத்தும் தப்பு. எனக்குக் கணக்கே வராது டீச்சர்னு அழுதான். நானும் அவனைத் திட்டிட்டேன். அப்புறம் பாத்தா, அவன் ஸ்கேலோட முனை தேஞ்சு போயிருந்துச்சு. பத்தும் தப்புன்னா பத்துலயும் தப்பைத் தேடக் கூடாது. பத்தையும் எதை வச்சு அளந்தோம்னு பாக்கணும்."

ரேடியோ ஒரு மாட்டு வண்டியைச் சுற்றிக்கொண்டு போனான். "எல்லாக் குதிரைக்கும் பொதுவா இருந்தது அந்தப் பொண்ணுதான் டீச்சர்." சொல்லும்போதே அவனுக்குக் கசந்தது. அந்தப் பெண் சொன்னதும் அதையேதான்.

"எட்டாவது குதிரை மேலயும் அவதானே உக்காந்தா? அன்னிக்கு எது இல்ல?"

"அன்னிக்கு மழை. அன்னிக்கு..." ரேடியோவின் கால் தானாக ஆக்சிலேட்டரை மிதித்தது. பின் சீட்டில் தரகர் எதையோ பிடித்துக்கொண்டார்.

"சேணத்துக்குள்ள ஒரு மரச்சட்டம் இருக்குமாம். அது விரிஞ்சா வெளிய ஒண்ணுமே தெரியாது, தோல் பளபளன்னுதான் இருக்கும். ஆள் ஏறி அழுத்தினதும் அது நேரா குதிரை முதுகெலும்புல போய்க் கடிக்கும்," என்றார் டீச்சர். "நீ ஏறினாலும் துள்ளும். நான் ஏறினாலும் துள்ளும்."

"ஐயோ, அந்தச் சேணத்தை நான் தொட்டதே இல்லையேம்மா," என்றார் தரகர். "கை வச்சா அந்தம்மா என் கைய வெட்டிடும்."

செங்கல் சூளைக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் அவர்கள் நுழைந்தபோது மணி நாலு தாண்டியிருந்தது. ஓரத்தில் வெள்ளை நிறச் சலவைக்கடை வேன், உள்ளே ஓட்டுநர் இருக்கையில் ஓர் உருவம், ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்தபடி. நடுவில் நெற்றிச்சுட்டி வைத்த பழுப்புக் குதிரை. சேணம் ஏறியிருந்தது. மகள் இடது காலைச் சேண வளையத்தில் வைத்து எம்பப் போனாள்.

டீச்சர் ஓடினார். அறுபது வயதுக்காரர் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதை ரேடியோ முதல் தடவையாகப் பார்த்தான். "ஏறாதம்மா. கால எடு."

அதட்டல் இல்லை, வகுப்பில் பேசும் குரல். அந்தப் பெண் காலை எடுத்துவிட்டாள்.

யாருக்கும் எதுவும் சொல்லாமல் டீச்சர் வயிற்றுப்பட்டையை அவிழ்த்தார், சேணத்தை இறக்கினார், முன்பக்கத்தைத் தொடையில் முட்டுக்கொடுத்தார், பின்பக்கத்தை இழுத்தார். நன்றாக இருக்கும் சேணம் அசையக் கூடாது. இது நடுவில் மடங்கியது. உள்ளே ஏதோ கிறீச்சிட்டது. அவ்வளவு மெழுகு, அவ்வளவு பளபளப்பு, அதற்குள்ளிருந்து அந்தச் சத்தம்.

மருந்துக்கடை அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அவர் துடைத்தது இதைத்தான்.

"உன்னைப் புடிக்காத குதிரைன்னு ஒண்ணுமே இல்லம்மா," என்றார் டீச்சர். "இது கடிச்சுது, அதுங்க கத்துச்சுங்க. அவ்வளவுதான்."

தரகர் தன்னுடைய ஆள் குதிரையை ஓட்டி வந்தபோது போட்டிருந்த பழைய சேணத்தைக் கொண்டுவந்து மாட்டினார். அழுக்கு, ஒரு பக்கம் ஒட்டுப் போட்டது. மகள் ஏறினாள். ஒரு சுற்று நடை. இரண்டாவது சுற்று ஓட்டம். காது முன்னால் நிமிர்ந்தபடி பழுப்புக் குதிரை அவள் சொன்ன இடத்தில் திரும்பி, சொன்ன இடத்தில் நின்றது. ரேடியோ தன்னை அறியாமல் ஒரு தடவை கைதட்டிவிட்டு, குதிரை மிரளுமோ என்று கையை இழுத்துக்கொண்டான்.

தரகர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "அப்போ பன்னண்டாவதை முடிச்சிடலாம்."

மகள் இறங்கினாள். குதிரையின் நெற்றியைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தவளின் கை மெல்ல நின்றது. சிரிப்பு முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"டீச்சர், இது எப்பலேர்ந்து விரிஞ்சிருக்கு?"

அவள் சேணத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"பந்தயத்தன்னிக்கு நான் ஏறினதும் இதே சேணம்தான்," என்றாள் அவள். "அப்ப சாம்பல்?"

அந்தக் கேள்விக்காகத்தான் டீச்சரின் முகம் மத்தியானத்திலிருந்து அப்படி இருந்தது என்று ரேடியோவுக்கு இப்போது புரிந்தது. டீச்சர் சேணத்தைத் திருப்பி, வலது பக்கத் தோலின் ஓரத்தில் விரலை ஓட்டினார். மற்ற இடமெல்லாம் கையால் போட்ட நெருக்கமான தையல். அங்கே மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு மிஷின் தையல், பள்ளிக்கூடப் பைகளில் போடுவது. மேலே மெழுகு ஏறி ஏறி நிறம் ஒன்றாகிவிட்டிருந்தது.

"இதை யாரு தச்சது?"

"நான் தைக்கக் குடுக்கலையே," என்றார் மருந்துக்கடை அம்மா.

"நீங்க குடுக்கல. எனக்கு எட்டாவது குதிரை அன்னிக்கு நடந்ததுதான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சேணம் நனையக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருந்தா நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேன். அவர் ஏன் சொன்னார்? அதுவும் ஏழாவது குதிரைக்கு அடுத்த தடவையே?"

எல்லாரும் வேன் பக்கம் திரும்பினார்கள். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. சலவைக்கடைக்காரர் நடந்து வந்துகொண்டிருந்தார். தேய்த்த சட்டை, தேய்க்காத முகம். மகளுக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டார்.

"பந்தயத்துக்கு மொத நாள்," என்றார். "காலையில மூட்டையெல்லாம் ஏத்திட்டு வண்டிய ரிவர்ஸ் எடுத்தேன். அவசரம். பின்னால பாக்கல. ஒரு சத்தம் கேட்டுச்சு. எறங்கிப் பாத்தா, டயருக்கடியில, வாசல்ல எடுத்து வச்சிருந்த சேணம். ஓரத்துல தையல் மட்டும்தான் விட்டிருந்துச்சு. கடைக்குப் பக்கத்துல பை தைக்கிறவர்கிட்ட குடுத்து வாங்கி, இருந்த எடத்துல வச்சிட்டேன். உள்ள கட்டை இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா."

"எப்பத் தெரிஞ்சுது?" என்றார் அவருடைய மனைவி. குரல் ரொம்பத் தாழ்வாக இருந்தது.

"ஏழாவது குதிரை அன்னிக்கு. சேணத்த வண்டியில தூக்கி வைக்கிறப்ப உள்ள கிறீச்சுன்னுச்சு. அப்பவே புரிஞ்சு போச்சு. சொல்லிடணும்னுதான் வாயத் தெறப்பேன். சொன்னா, அவ கால ஒடைச்சது நான்னு ஆயிடும். ஒரு தடவ மழைனு சாக்கு கெடைச்சுது. அப்புறம் கெடைக்கல."

"அதுக்கப்புறமும் மூணு குதிரைல அவள ஏத்துனோமேங்க. இன்னிக்கு நாலாவது."

இந்த இடத்தில் யாராவது கத்தியிருந்தால் தேவலை என்று ரேடியோவுக்குத் தோன்றியது. யாரும் கத்தவில்லை. குதிரை மட்டும் ஒருமுறை மூக்கால் சீறியது. கோபப்பட வேண்டும் என்று நினைத்தான். அந்த மனிதரின் கைகளைப் பார்த்ததும் அதுவும் முழுதாக வரவில்லை. சட்டையின் தேய்த்த மடிப்பை அவை திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தன.

மகள் அப்பாவைப் பார்க்கவே இல்லை. தரகரைப் பார்த்தாள். "சாம்பல் இருக்கா?"

தரகர் தொப்பியைக் கழற்றினார். சலவைக்கடைக்காரரைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தது அவருக்கு. அவர் சொல்லலாம் என்பதுபோல் தலையை அசைத்தார்.

"இருக்கு பாப்பா. குதிரை ஏத்தப் பள்ளில. சின்னப் புள்ளைங்களைச் சொமக்குது. தாத்தான்னு பேர் வச்சிருக்காங்க. ஆனா அவங்க குடுப்பாங்களான்னு சொல்ல முடியாது. அந்தப் புள்ளைங்க அதை விடமாட்டாங்க."

"குடுக்கலேன்னா பரவால்ல," என்றாள். சொல்லும்போதே உதடு கோணியது. "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் ஒரு தடவகூட நான் அதப் பத்திக் கேக்கல. துரோகின்னு அதோட போட்டோவத் திருப்பி வச்சேன். அதுக்கு முதுகு எவ்வளவு வலிச்சிருக்கும். என்னைக் கீழ போட்டுட்டு எங்கயும் ஓடல, என் பக்கத்துலயே வந்து நின்னுச்சு. மூஞ்சிய மோந்துகிட்டே நின்னுச்சு. அது எனக்கு ஞாபகம் இருக்கு."

மருந்துக்கடை அம்மா மகளின் தோளைப் பிடிக்கப் போனார். அவள் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள், இடது காலைக் கொஞ்சம் இழுத்தபடி, அப்பாவைத் தாண்டி, வேனை நோக்கி.

"பன்னண்டாவதும் போச்சா," என்று தரகர் பழுப்புக் குதிரையிடம் மெதுவாகச் சொன்னார்.

மகள் வேனின் முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். அவள் பின்னால் உட்காருவாள் என்றுதான் ரேடியோ எதிர்பார்த்தான். கொஞ்ச நேரம் கண்ணாடி வழியாக எதிரே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஜன்னலை இறக்கினாள்.

"அப்பா, வண்டிய எடுங்க. சாம்பலப் பாக்கணும்."

சலவைக்கடைக்காரர் நகரவில்லை. மனைவி அவரைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்க்காமல், பின் சீட்டில் ஏறிக்கொண்டார். பிறகுதான் அவர் போனார். சாவியைத் துவாரத்தில் போட அவருக்கு மூன்று தடவை ஆயிற்று. வேன் சூளைச் சுவரைப் பார்த்து நின்றிருந்ததால் பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். இன்ஜின் உறுமியது, கியர் விழுந்தது.

"பின்னால பாத்து எடுங்க," என்றாள் மகள்.

பின்னால் யாரும் இல்லை. வெறும் மண்ணும் டீச்சரின் கையிலிருந்து இறக்கி வைக்கப்பட்ட சேணமும்தான், அதுவும் தள்ளி. இருந்தாலும் அவர் கதவைத் திறந்து கீழே இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்து, நான்கு சக்கரத்தையும் குனிந்து பார்த்துவிட்டு, மறுபடி ஏறினார்.